நான் பார்த்தாத்தான் போகும்

இப்படி வந்து உட்காருங்க தம்பி. அந்தப் பக்கம் வேண்டாங்க, சோபா பள்ளம் உழுந்து கெடக்குது. காலையில கதவு தொறக்கறப்பவே வந்துட்டேன், நானே உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாக்கி வெச்சிருக்கறேன். கரூர்ல இந்த வெயிலுக்கு ஒரு பேன் போட மாட்டாங்களா? போட்டிருக்கறாங்க, ஆனாக் காத்து பூராவும் அந்த ரிசப்ஷன் அம்மிணி பக்கமே போகுது. நம்ம பக்கம் வாரதுக்கு அதுக்கும் யார் கிட்டயாவது பர்மிஷன் வாங்கோணுமாட்ட இருக்குது.

நீங்க லேபிள் கம்பெனியா? சட்டைப் பையில நாலு பேனா, கையில சாம்பிள் பை, பார்த்ததுமே நெனைச்சேன். சிவகாசியா? நல்லதுங்க. ஆரைப் பார்க்கோணும்? இந்துமதி மேடமா! சரியாப் போச்சு. மேடமாம் மேடம்! தாராபுரத்துல இருந்து டவுன் பஸ்ல தொங்கிக்கிட்டு எங்க கம்பெனிக்கு வந்த புள்ளைங்க அது. 'எஸ் சார், எஸ் சார்'னு என் ரூம் வாசல்ல நின்ன புள்ளை. இன்னைக்கு அது உள்ள உட்கார்ந்திருக்குது, நான் இங்க வாசல்ல உட்கார்ந்திருக்கறேன். என்ன கெரகம்ங்க இது!

அந்த அம்மிணி உங்க கிட்ட என்ன சொல்லுச்சு? 'மேடம் பார்த்துட்டுச் சொல்லுவாங்க, அது வரைக்கும் வெய்ட் பண்ணுங்க'ன்னுதானே? எனக்கும் அதேதான். மூணு தடவை கேட்டுட்டேன், மூணு தடவையும் அதே வார்த்தை, அதே சிரிப்பு. சிரிக்க வேண்டாம்னு சொல்லோணும்னு இருந்துச்சு. வேண்டாம், வந்த சோலி கெட்டுப் போகும்னு அடக்கிக்கிட்டேன்.

என் பேரு சென்னியப்பனுங்க. திருப்பூர். குழந்தைத் துணி எக்ஸ்போர்ட் பண்றோம், பொறந்த கொழந்தையில இருந்து ரெண்டு வயசு வரைக்கும். முதலாளி லோகநாதன் என் தங்கச்சி சாந்தாமணியைக் கட்டினவர். மாப்பிள்ளை முதலாளி, நான் ஜி.எம். வாடகைக் கட்டடத்துல ரெண்டு மெஷினப் போட்டு ஆரம்பிச்ச நாள்ல இருந்து கூடவே இருக்கறேன். அப்பேர்ப்பட்ட என்னைக் கூப்பிட்டு வெச்சு மாப்பிள்ளை சொல்றாரு: 'மச்சான், இந்துமதியைக் கூட்டிக்கிட்டு வந்தீங்கன்னா உங்க ரூம், உங்க சேர். இல்லைன்னா திங்கக்கிழமையில இருந்து நீங்க குடோன்ல அட்டைப் பெட்டி எண்ணுங்க.' அட்டைப் பெட்டிங்க! பி.ஏ. இங்கிலீஷ் படிச்சவன் தம்பி நானு. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அதனாலதான் இந்தப் பள்ளத்துல உட்கார்ந்திருக்கறேன்.

நேரா வந்து நிக்கோணும்னு எனக்கென்ன ஆசையா? மொதல்ல போன் பண்ணினேன், எடுக்கறதில்லை. சரின்னு முறையா ஒரு மெயில் போட்டேன். இந்தக் கம்பெனி பேர்ல இருக்கற அதோட அட்ரஸுக்கு. போட்டு ஒரு வாய் காப்பி குடிக்கறதுக்குள்ள பதில் வந்துச்சு. அடடே, என்ன இருந்தாலும் பழைய விசுவாசம்னு தொறந்து பார்த்தா, புள்ளை எழுதலை, மெஷின் எழுதியிருக்குது. 'தங்கள் மெயில் பார்வைக்காக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. பொறுப்பாளர் பார்த்த பின் உரியவருக்குச் சேர்க்கப்படும்.' பார்வைக்காக நிறுத்தி வெச்சிருக்கறாங்களாம்! நாலு நாளாச்சுங்க. நாலு நாளா ஒரு மனுஷன் எழுதினதை எவனோ நடுவுல புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கறான். கேக்கறேன் தம்பி, நான் எழுதினேன், அதுக்கு எழுதினேன். நடுவுல இவனுக்கு என்னங்க சோலி? அடுத்தவங்க மெயிலை நிறுத்தி வெச்சுப் பார்க்கறவன் என்ன மனுஷன்? மரியாதை தெரிஞ்ச குடும்பத்துல பொறந்தவன் செய்வானா?

இல்லைங்க, நீங்க அப்படிப் பார்க்க வேண்டாம். எங்க கம்பெனியிலயும் நான் மெயிலை நிறுத்தி வெச்சுப் பார்த்தேன்தான், ஆனா அது வேற. அது கம்பெனி நன்மைக்கு. கேளுங்க, நீங்களே ஞாயம் சொல்லுங்க.

மெயில் எப்படிப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நானும் மொதல்ல, பட்டனை அமுக்குனா நேரா டென்மார்க்குல, நம்ம துணி வாங்கற பார்ட்டி கிட்டப் போய் உழுந்துரும்னுதான் நெனைச்சிருந்தேன். அப்படியில்லை. பார்சல் சர்வீஸ்ல லாரி புக்கிங் ஆபீஸ் இருக்குதில்லீங்களா, அந்த மாதிரி நம்ம கம்பெனிக்குன்னு ஒரு சர்வர் இருக்குது. நீங்க அனுப்புனா மொதல்ல அதுதான் வாங்கி வெச்சுக்கும். வாங்கி வரிசையில போட்டு, இது எந்த ஊர் பார்ட்டி, அவங்க சர்வர் எங்க இருக்குதுன்னு விலாசம் விசாரிச்சு, அங்க போய்க் கதவைத் தட்டும். 'ஆரு?'ன்னு அது கேக்கும். 'திருப்பூர்ல இருந்து இன்னார்'னு இது சொல்லும். நம்பிக்கை வந்தா உள்ள வாங்கிக்கும். கதவு தொறக்கலைன்னா இது திரும்ப வந்து, சித்த நேரம் கழிச்சு மறுபடியும் போய்த் தட்டும். எங்களுக்கு இதையெல்லாம் பார்த்துக்கற பெனடிக்ட்னு ஒரு ஆளு, கோயமுத்தூரு, கான்ட்ராக்ட்ல வருவான், அவன்தான் வெளக்கிச் சொன்னான். அப்பத்தான் எனக்கு ரோசனை ஒண்ணு ஓடுச்சு. 'ஏம்ப்பா, எல்லா மெயிலும் நம்ம சர்வர்ல ஒரு நிமிஷம் நின்னுதானே போகுது? அந்த ஒரு நிமிஷத்துல புடிச்சு வெக்க முடியுமா?'ன்னு கேட்டேன். முடியும்னான்.

எதுக்குக் கேட்டேன்? காரணம் இருக்குதுங்க. அதுக்கு முந்தின வருஷம் வெளிநாட்டுல இருந்து நம்ம துணி வாங்கற ஒரு பையர் கிட்ட எங்க மெர்ச்சண்டைசர் ஒருத்தன், பையர்களோட பேசறதுக்குன்னு சம்பளம் வாங்கறவன், சாயம் ஒரு மாத்து கொறைஞ்சதுக்கு 'வீ ஆர் வெரி சாரி, இட் இஸ் அவர் மிஸ்டேக்'னு எழுதித் தொலைச்சுட்டான். அந்தப் பையர் அதையே புடிச்சுக்கிட்டான். உங்க ஆளே தப்புன்னு ஒத்துக்கிட்டான், இனி நான் சொல்றதுதான் வெலைன்னுட்டான். அன்னைக்கு முடிவு பண்ணினேன். சாரிங்கற வார்த்தை இனி இந்தக் கம்பெனி வாசல்படி தாண்டக் கூடாது.

பெனடிக்டைக் கூப்பிட்டு, வார்த்தைகளை நானே சொன்னேன். சாரி. மிஸ்டேக். டிலே. டிஃபெக்ட். பிராப்ளம். இதுல எந்த வார்த்தை இருந்தாலும் அந்த மெயிலை சர்வர் புடிச்சு வெச்சுக்கோணும். நான் பார்ப்பேன். நான் பார்த்தாத்தான் போகும். மத்ததெல்லாம் எப்பவும் போல போய்க்கிட்டே இருக்கும். 'நோ பிராப்ளம்'னு எழுதினாக்கூடப் புடிச்சு வெச்சுரும் தம்பி, அதுக்கென்ன தெரியும், அது மெஷினு. வெச்சுட்டுப் போகுது, நான் பார்த்து உட்டுருவேன்.

பெனடிக்ட் அப்பவே மொணமொணத்தான். 'சார், ஆளுங்களுக்கு இதைச் சொல்லிருங்க. அவங்க கம்ப்யூட்டர்ல சென்ட்னு காட்டும். போயிருச்சுன்னு நெனைச்சுக்குவாங்க. சென்ட்னா நம்ம சர்வர் வாங்கிக்கிச்சுன்னுதான் அர்த்தம், அவங்களுக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு அர்த்தமில்லை'ன்னான். சொன்னா என்ன ஆகும்? சாரிக்குப் பதிலா வேற எதையாவது எழுதுவானுங்க. காவல் வெச்சிருக்கறோம்னு திருடன் கிட்டயே சொல்றதா? அதனால சொல்லலை. எல்லா மெயிலும் எனக்கு ஒரு காப்பி வருதுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரியும். நின்னுதான் போகுதுன்னு தெரியாது. அப்பறம் இன்னொண்ணு கேட்டான் அவன்: 'சார், நீங்க ஊர்ல இல்லாதப்ப ஆரு பார்க்கறது?' நான் எங்கடா போகப் போறேன்னு சொல்லிட்டேன்.

எட்டு வருஷங்க! எட்டு வருஷத்துல சாரிங்கற வார்த்தை எங்க கம்பெனியை விட்டு வெளிய போனதில்லை. தப்பா எழுதியிருந்தா நான் அதைப் பிரிண்ட் எடுத்து, தப்பு இருக்கற வரிக்கு அடியில சிவப்புல ஒரு கோடு. அவ்வளவுதான். அவங்க மேசையில வெச்சுருவேன், திருத்தி மறுபடி அனுப்புன்னு. என்ன தப்புன்னு சொல்ல மாட்டேன். கேட்டா, 'நீயே ரோசனை பண்ணு'ம்பேன். அப்பத்தான் புத்தி வரும். இந்தப் புள்ளை இந்துமதியும் மெர்ச்சண்டைசர்தான், அது ஒரு தடவை கோடு போட்டா மறு தடவை அந்தத் தப்பு பண்ணாது. ஒத்துக்கறேன். சூட்டிகையான புள்ளை. ஆனா வாய் கொஞ்சம் எச்சு. 'சார், இதுல தப்பு ஒண்ணுமில்லீங்களே, நடந்ததைத்தானே எழுதியிருக்கறேன்'னு என் மூஞ்சியைப் பார்த்துக் கேக்கும். நடந்ததை எழுதறதுக்கா சம்பளம் குடுக்கறோம்?

இந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடையாப் போறதா வேண்டிக்கிட்டேன். எதுக்குன்னா, கம்பெனி நல்லா இருக்கோணும்னுதான். எனக்கா வேண்டிக்கிட்டேன்? மாலை போட்டு, காவி வேட்டி கட்டி, செருப்பில்லாம. போனைத் தொடறதில்லைன்னு விரதம். வீட்டுலயே சார்ஜ்ல போட்டுட்டுப் போனேன். நடந்து போய், மொட்டை அடிச்சு, தரிசனம் பண்ணி, அங்கயே ஒறம்பரைச் சொந்தக்காரங்க வீட்டுல தங்கி, கால் கொப்புளம் ஆறித் திரும்பி வர ஒரு வாரம் ஆச்சு.

சர்வர் பாஸ்வேர்டையா? ஆருகிட்டயும் குடுக்கலைங்க. ஆரை நம்பிக் குடுக்கறது? மாப்பிள்ளைகிட்டக் குடுத்திருக்கலாம்கறாங்க இப்ப. அவருக்கு இப்படி ஒண்ணு இருக்குதுன்னே நான் சொன்னதில்லை. சின்னச் சின்னச் சங்கதியெல்லாம் முதலாளி தலையில ஏத்தக் கூடாதுங்க.

அந்த ஒரு வாரத்துலதான் இந்தக் கூத்து நடந்துச்சு. டென்மார்க்குக்குக் கொழந்தைச் சட்டை ஆர்டர் ஒண்ணு. இடுப்புக்குக் கீழ தொறந்து மூடற மாதிரி பிரஸ் பட்டன் வெச்சது. பேக்கிங் நடக்கறப்ப இந்தப் புள்ளை ஒரு சட்டையை எடுத்து இழுத்துப் பார்த்திருக்குது. பட்டன் கையோட வந்துருச்சு. இன்னொண்ணு எடுத்துச்சு, அதுவும் வந்துருச்சு. கொழந்தை வாயில போட்டு முழுங்கினா என்ன ஆகறதுன்னு பேக்கிங்கை நிறுத்திட்டு, டென்மார்க் அம்மாவுக்கு ஒரு மெயில் போட்டிருக்குது. அந்தக் கம்பெனியில எங்க ஆர்டரைப் பார்க்கற அம்மா. 'சாரி, பட்டன்ல டிஃபெக்ட் இருக்குது. எல்லாத்தையும் பிரிச்சு வேற பட்டன் வெக்கறோம். ஒரு வாரம் டிலே ஆகும். வேண்டாம்னா ஒடனே சொல்லுங்க'ன்னு.

பார்த்தீங்களா? ஒரே மெயில்ல சாரி, டிஃபெக்ட், டிலே! மூணும்! சர்வர் வுடுமா? புடிச்சு வெச்சுக்கிச்சு.

அந்தம்மா வேண்டாம்னு சொல்லலை. சரின்னும் சொல்லலை. வந்தாத்தானே சொல்றதுக்கு? இந்தப் புள்ளை இன்னும் ரெண்டு தடவை அதையே எழுதியிருக்குது. அதுவும் நின்னு போச்சு. ஆனா பாருங்க, அட்டைப் பெட்டி அளவு என்ன, பில்லு எந்தப் பேருக்குன்னு மத்த மெயிலெல்லாம் ரெண்டு பக்கமும் போய்க்கிட்டும் வந்துக்கிட்டும் இருந்துச்சு. அதனால ரெண்டு பேருக்குமே சந்தேகம் வரலை. அந்தம்மா, சட்டை கப்பல் ஏறிருச்சுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்குது. இது, அந்தம்மாவுக்குச் சம்மதம்னு நெனைச்சுக்கிட்டுப் பட்டனைப் பிரிச்சுக்கிட்டு இருக்குது. போனைப் போட்டுக் கேக்கறதுக்கென்ன கேடு? கையில போன் இல்லையா? அதைக் கேக்க ஆளில்லை, என்னைக் கேக்கறாங்க!

நான் மொட்டைத் தலையோட வந்து எறங்கறேன், ஆபீஸ்ல தீப்புடிச்ச மாதிரி இருக்குது. மாப்பிள்ளை ரூம்ல ஸ்பீக்கர் போன்ல டென்மார்க் அம்மா கத்துது. சரக்கு எங்கே, ஏன் ஒரு வார்த்தை சொல்லலைன்னு. இந்தப் புள்ளை லேப்டாப்பைத் திருப்பி மாப்பிள்ளைக்குக் காட்டுது. 'சார், சென்ட்ல இருக்குது பாருங்க. மூணு தடவை அனுப்பியிருக்கறேன்.' அந்தம்மா, 'ஒண்ணு கூட வரலை'ங்குது. மாப்பிள்ளைக்கு ஆரை நம்பறதுன்னு தெரியலை.

அப்ப அது என்னைப் பார்த்துச்சு தம்பி. 'சார், உங்களுக்குத்தான் எல்லாத்துலயும் காப்பி வருமே. நீங்களாவது சொல்லுங்க, நான் எழுதினேனா இல்லையா?'ன்னுச்சு.

நான் என்ன சொல்றது? ஒரு வாரமா நான் கம்ப்யூட்டரையே தொடலை. பார்க்காததைப் பார்த்தேன்னு எப்படிச் சொல்றது? மாலை கூட இன்னும் கழட்டலை, பொய் சொல்ல முடியுமா? 'எனக்கு ஒண்ணும் வரலை'ன்னு சொன்னேன். உண்மையைத்தானே சொன்னேன்? அதோட நிறுத்தியிருக்கலாம். கால் எரிச்சல், பஸ்ல வந்த களைப்பு, வாய் சும்மா இருக்கலை. 'அனுப்பாமலே அனுப்புன மாதிரி காட்டறதெல்லாம் இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குப் பெரிய வித்தையாங்க மாப்பிள்ளை'ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் இருந்தாங்க. சாம்பிள் பிரிவுப் புள்ளைங்க, அக்கவுண்ட்ஸ்காரர், எல்லாரும்.

அந்தப் புள்ளை அழுகும்னு பார்த்தேன், அழுகலை. கழுத்துல இருந்த அடையாள அட்டையைக் கழட்டி லேப்டாப் மேல வெச்சுட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. அவ்வளவு ரோசம்! பெரியவங்க ஒரு வார்த்தை சொன்னாப் பொறுத்துக்க வேண்டாமா?

சாயங்காலம் என் ரூம்ல உட்கார்ந்து, நிறுத்தி வெச்சதையெல்லாம் தொறந்து பார்த்தேன். பார்த்தா, வரிசையா மூணும் அங்க உட்கார்ந்திருக்குது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? பொக்குனு போச்சு.  ஆனா சித்த நேரத்துல சுதாரிச்சுக்கிட்டேன். தப்பு நடந்துருச்சு, சரி பண்ணிருவோம்னு மூணையும் ஒரே அமுக்கு, உட்டுட்டேன். நல்ல மனசோடதானுங்க உட்டேன். மெயில் போய்ச் சேர்ந்துட்டா அந்தம்மா சமாதானம் ஆயிரும், விசயம் ஆறிரும், நாலு நாள் கழிச்சு நானே அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணி வரச் சொல்லலாம்னு. அப்பவே மாப்பிள்ளைகிட்டப் போய்ச் சொல்லியிருக்கலாமேன்னு என் தங்கச்சி கேக்கறா. எப்படிங்க சொல்றது? மத்தியானம் அத்தனை பேர் முன்னாடி ஒண்ணு பேசிட்டு, சாயங்காலம் போய் இன்னொண்ணு பேசினா ஜி.எம்.னு ஒரு மரியாதை இருக்குமா?

அந்தப் பாழாப் போன சர்வர் காட்டிக் குடுத்துருச்சு தம்பி! ஒவ்வொரு சர்வரும் மெயிலை வாங்கறப்பவும் குடுக்கறப்பவும் அது தலையில நேரத்தோட முத்திரை குத்தித்தான் அனுப்புமாம். சாதாரணமாப் பார்த்தாத் தெரியாது. டென்மார்க்குல அவங்க கம்ப்யூட்டர் ஆளு தொறந்து பார்த்திருக்கறான். அந்தப் புள்ளை கையை விட்டுப் போனது தைப்பூசத்துக்கு முந்தி. எங்க சர்வரை விட்டுக் கெளம்பினது நான் மொட்டையோட வந்த அன்னைக்கு. நடுவுல ஒரு வாரம் திருப்பூர்லயே கெடந்திருக்குது. அந்தம்மா அதை அப்படியே மாப்பிள்ளைக்கு அனுப்பி ஒரே கேள்வி கேட்டிருக்குது: 'இதை நிறுத்தி வெச்சது ஆரு?'

மாப்பிள்ளை பெனடிக்டைக் கூப்பிட்டார். அவன் என்னைக் கொஞ்சமாவது காப்பாத்தியிருக்கலாம். சர்வர் கோளாறுன்னு ஒரு வார்த்தை. ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே? பேங்க்ல போனா சர்வர் டவுனு, ரேஷன் கடையில போனா சர்வர் டவுனு. இவன் ஒருத்தன் மட்டும் அரிச்சந்திரன்! 'சர்வர்ல ஒரு கோளாறும் இல்லீங்க. சென்னியப்பன் சார் என்ன சொல்லி வெச்சாரோ அதை ஒழுங்காச் செஞ்சிருக்குது'ன்னுட்டான். என் சோத்தைத் தின்னவன் தம்பி அவன். தீவாளிக்கு நான் கையில குடுத்த ஸ்வீட் பாக்ஸுக்குக் கணக்கே இல்லை.

அப்பறம் அந்த டென்மார்க் அம்மா இன்னொரு குண்டைப் போட்டுச்சு. பட்டன் கழண்டு வருதுன்னு தானே சொல்லி, தானே பேக்கிங்கை நிறுத்தினது ஆரோ, இனிமே அவங்க கூடத்தான் பேசுவேன். அவங்க இல்லைன்னா அடுத்த சீசன் ஆர்டர் இல்லைன்னுருச்சு. எட்டு வருஷமா நான் சாரியே போகாமக் காப்பாத்தின பையருங்க! சாரின்னு எழுதினவதான் வேணுமாம்! உலகம் எங்க போகுதுன்னு எனக்குப் புரியவே இல்லை.

என் தங்கச்சி சொன்னதுதான் எனக்குத் தாங்கலை. மாப்பிள்ளை திட்டுனாருன்னா அவர் முதலாளி, பொறுத்துக்கலாம். இவ, நான் தூக்கி வளர்த்தவ, அடுப்படியில நின்னுக்கிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காம, 'அந்தப் புள்ளை உன்னைத்தாண்ணா சாட்சிக்குக் கூப்புட்டுச்சு'ங்கறா. அவ்வளவுதான்.  ராத்திரி சாப்பிடாமலே எந்திரிச்சு வந்துட்டேனுங்க.

அதுக்கப்பறம்தான் அந்த மெயிலை எழுதினேன். என்ன எழுதினேனா? நல்ல இங்கிலீஷ்ல, கௌரவமா. தமிழ்ல சொல்லோணும்னா, 'அன்புள்ள இந்துமதி, சர்வர் கோளாறு காரணமாக ஏற்பட்ட ஒரு சிறு தகவல் இடைவெளியை முன்னிட்டு வருந்தத்தக்க சூழ்நிலை உருவானது. நிர்வாகம் தங்களை உயர்ந்த பதவியில் மீண்டும் ஏற்றுக்கொள்ளச் சித்தமாக உள்ளது. உடனே வந்து சேரவும்.' எப்படி இருக்குது? கேக்கவே கம்பீரமா இல்லை?

என்னது? சாரின்னு போட்டிருக்கறேனான்னா? எதுக்குங்க போடோணும்? வருந்தத்தக்க சூழ்நிலைன்னு போட்டிருக்கறேனே. ஆரு வருந்தறதுங்கறது அவங்கவங்க புரிஞ்சுக்க வேண்டியது. நீங்களும் அந்த பெனடிக்ட் மாதிரியே கேக்கறீங்களே தம்பி. சிவகாசிக்காரங்க நறுக்குனுதான் பேசுவீங்களாட்ட இருக்குது.

அந்த மெயிலைத்தான் இங்க நிறுத்தி வெச்சிருக்கறாங்க. ஒரு மனுஷன் மனசுல பட்டதை எழுதி அனுப்பறான். அது போச்சா, நின்னுச்சா, ஆரு கையில இருக்குது, ஒண்ணும் தெரியாம நாலு நாள் உட்கார்ந்திருந்தா அவனுக்கு எப்படி இருக்கும்? பதில் வராத ஒவ்வொரு மணிக்கும், நம்ம மேல கோபமோ, படிச்சுட்டுத்தான் பேசாம இருக்கறாங்களோன்னு நெனைச்சு நெனைச்சு... இது எவ்வளவு பெரிய பாவம்னு அந்தப் பொறுப்பாளனுக்குத் தெரியுமா? அவனைப் பார்த்தேன்னா நாலு வார்த்தை நல்லாக் கேப்பேன். வெச்சுக்கிட்டு என்னடா பண்றே, ஒண்ணு அனுப்பு, இல்லை திருப்பிக் குடுன்னு.

ஏனுங்க அம்மிணி! இன்னும் எத்தனை நேரமுங்க? வந்தாச்சா உத்தரவு?

உங்களைத்தான் தம்பி கூப்பிடுது. போங்க போங்க. எனக்கப்பறம் வந்தவரு, எனக்கு முந்திப் போறீங்க. பரவாயில்லை. உங்க மேல எனக்கென்ன கோபம்? உள்ள போனா, சென்னியப்பன் வெளிய உட்கார்ந்திருக்கறான்னு மட்டும் ஒரு வார்த்தை... சொல்லுங்க. நேரா அது காதுல. நடுவுல ஆர்கிட்டயும் சொல்லாதீங்க.

எனக்கா? என்னங்க அம்மிணி அது, காகிதம்? மேடம் குடுத்தாங்களா? அப்ப என் மெயில் போய்ச் சேர்ந்திருக்குது! பார்த்தீங்களா தம்பி, பிரிண்ட் எடுத்து வெச்சிருக்குது. மரியாதை தெரிஞ்ச புள்ளைதான். நான் சொன்னனில்லை? அந்தப் பொறுப்பாளர் ஆருங்க அம்மிணி, இத்தனை நாள் வெச்சிருந்தது? ... மேடமேவா? புது ஆள் மெயிலெல்லாம் மேடமேதான் பார்ப்பாங்களா?

சரி. சரிங்க.

இருங்க தம்பி, போயிராதீங்க. இதுல ஒண்ணும் எழுதலையே. வர்றேன்னும் இல்லை, வரலைன்னும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கறேன். ஓ... கோடு. ஒரே ஒரு கோடு. சிவப்புல. 'சர்வர் கோளாறு காரணமாக'ங்கறதுக்கு அடியில.

என்ன தப்பாமாம் இதுல? அம்மிணி, மேடம் வேற ஏதாச்சும் சொன்னாங்களா? ... 'திருத்தி எழுதித் தரச் சொன்னாங்க' அவ்வளவுதானா? என்ன திருத்தறதுன்னு சொல்லலையா? எனக்கேவா? நான் பி.ஏ. இங்கிலீஷ்! நான் கோடு போட்டுப் பழக்கின புள்ளைங்க இது! என் மூஞ்சிக்கு நேரா வந்து கேக்கட்டும், என்ன தப்புன்னு சொல்லட்டும். கெளம்பிருவேன் நானு. கெளம்பிப் போய்க் குடோன்ல பெட்டி எண்ணினாலும் எண்ணுவேன், இந்த மாதிரி... இந்த மாதிரி...

என்ன எழுதறது தம்பி? சர்வர் இல்லைன்னா, அந்த எடத்துல வேற என்ன எழுதறது?

இல்லை, நீங்க சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். நீங்க உள்ள போங்க, நேரமாச்சு. பையில நாலு பேனா வெச்சிருக்கறீங்களே, ஒண்ணு குடுத்துட்டுப் போங்க.

சிவப்பு வேண்டாங்க. புளூ இருந்தாக் குடுங்க.